சிங்கப்பூர் ஸ்லிங்கும் பாடபேதமும்

1990-இல் துவாஸ் வட்டாரத்திற்கு இடம்பெயர்ந்த டைகர் பீர் ஆலையின் சரக்கிற்குப் பாடபேதம் கிடையாது. ஒரு போத்தலில் உள்ளதே மறு போத்தலிலும் இருக்கும். மதுக்கூடத்தில் கையால் கலந்து தரும் பழைய பானங்களின் நிலை வேறு. அவை ஏட்டுச்சுவடியைப் போன்றவை. படியெடுத்தவர் கைதோறும் மாறியவை. இத்தீவின் பெயரையே தாங்கும் 'சிங்கப்பூர் ஸ்லிங்' இதற்குத் தக்க சான்று.

'ஸ்லிங்' என்னும் பெயர் இப்பானத்தினும் மூத்தது. வடித்த சாராயம், சர்க்கரை, நீர் ஆகியவை கலந்ததற்கு அது பொதுப்பெயர். 1806-இல் அமெரிக்கச் செய்தித்தாள் ஒன்று 'காக்டெயில்' என்பதற்குப் பொருள் கூறுகையில், கசப்பு சேர்ந்த ஸ்லிங் என்றே விளக்கிற்று.

ராஃபிள்ஸ் ஓட்டலில் மது கலந்து கொடுத்த ஹைனான் சீனர் ஙியாம் தோங் பூன், 1915-ஐ ஒட்டி இதனை ஆக்கினார் என்பது அவ்வோட்டலார் கூற்று. அவர்கள் காட்டும் சான்றோ, 1936-இல் வாடிக்கையாளர் ஒருவர் கேட்டு எழுதி வாங்கிய குறிப்பு. ஆக்கிய காலத்திற்கு இருபது ஆண்டு பிந்திய படி. மேலும், 1903-லேயே இளஞ்சிவப்பு நிற ஸ்லிங்கைப் பற்றி இவ்வூர் ஆங்கில நாளேடு எழுதியிருக்கிறது. இதனால் ஙியாமின் புகழ் குறைந்துவிடாது. கம்பருக்கு முன்பும் இராமகதை இருந்ததன்றோ?

பாடபேதம் எங்கே என்று பார்ப்போம். 1922-இல் இலண்டனில் வெளிவந்த வெர்மையரின் நூலில் 'ஸ்ட்ரெய்ட்ஸ் ஸ்லிங்' என்றொரு பானம் உண்டு. அதில் ஜின், செர்ரி பிராந்தி, பெனடிக்டின், எலுமிச்சைச் சாறு, கசப்புத் துளிகள், சோடா ஆகியவை சேரும். 1930-இல் வந்த சவாய் ஓட்டல் நூலோ, ஜின், செர்ரி பிராந்தி, எலுமிச்சைச் சாறு, சோடா என்று சுருக்கிக்கொண்டது. ஆனால் பெயரைச் 'சிங்கப்பூர் ஸ்லிங்' என்றே தந்தது. இரண்டிலும் அன்னாசி இல்லை. ராஃபிள்ஸ் ஓட்டல் வெளியிட்டுள்ள செய்முறையிலோ 30 மில்லி ஜின்னுக்கு 120 மில்லி அன்னாசிச் சாறு! பழையது புளிப்பும் கசப்பும் கலந்த மது. புதியது ஏறக்குறையப் பழரசம். இவ்வளவு அன்னாசியை இடைச்செருகல் என்று ஐயுறுவதில் தவறில்லை.

ஆகவே பெயரை மட்டும் சொல்லிக் கேட்பவருக்குப் பெரும்பாலும் அன்னாசிப் பாடமே வந்து சேரும். பழையதை விரும்புபவர், "அன்னாசி வேண்டா, சோடா ஊற்றுங்கள், பெனடிக்டின் இருக்கட்டும்" என்று விளங்கச் சொல்லவேண்டும். முன்கூட்டியே கலந்து வைத்ததா, அப்போதைக்கப்போது கலப்பதா என்பதையும் கேட்கலாம். அது மரியாதைக் குறைவன்று. கேட்டதும், "ஸ்ட்ரெய்ட்ஸ் ஸ்லிங்கா?" என்று கலப்பவர் திருப்பிக் கேட்பாராயின், அவர் பழைய ஏடுகளைப் புரட்டியவர் என்று கொள்ளலாம்.