கவுன்டரில் கியூஆர் எங்கே?

அரசு அலுவலகத்தில் பணம் கட்டும்போது நம் மக்கள் இரண்டு விதமாக ஏமாறுகிறார்கள். ‘கேஷ் மட்டும்தான், அதுவும் சரியான சில்லறையாகக் கொண்டுவாருங்கள்’ என்றதும் ஒரு வார்த்தை கேட்காமல் திரும்பிப் போகிறவர்கள் ஒரு வகை. ‘என் நம்பருக்கு ஜிபே பண்ணிடுங்க, ரசீது அப்புறம் தர்றேன்’ என்று ஊழியர் சொன்னதும் அவருடைய சொந்தக் கணக்குக்கே வரிப்பணத்தை அனுப்பிவிடுகிறவர்கள் இன்னொரு வகை. அடுத்த அரையாண்டு ‘நிலுவை’ என்று நோட்டீஸ் வரும்போது இந்த இரண்டாம் வகையினர் கையில் மிஞ்சுவது ஒரு ஸ்கிரீன்ஷாட் மட்டுமே. இரண்டு கோளாறுக்கும் காரணம் ஒன்றுதான். ரொக்கத்தோடு கார்டு, யுபிஐ இரண்டையும் அலுவலகத்தின் பெயரிலேயே வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் ஒவ்வொரு அரசு கவுன்டருக்கும் இல்லை.

தனியாருக்கு அந்தக் கட்டாயத்தை அரசு எப்போதோ கொண்டுவந்துவிட்டது. ஆண்டு விற்றுமுதல் 50 கோடி ரூபாயைத் தாண்டும் வணிகர்கள் ரூபே டெபிட் கார்டு, யுபிஐ, யுபிஐ கியூஆர் ஆகியவற்றில் பணம் பெறும் வசதி வைத்திருக்க வேண்டும் என்று 2019-இல் வருமான வரிச் சட்டம் திருத்தப்பட்டது. தவறினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம். ஆனால் அது ‘வணிகம் செய்பவர்’களுக்கு மட்டும். தாலுகா அலுவலகமும் ஊராட்சி அலுவலகமும் வணிகம் செய்வதில்லை, எனவே தப்பித்தன. கார்டு, மின்னணுப் பணம் செலுத்துதலை ஊக்குவிக்க 2016 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை வழிமுறைகளுக்கு ஒப்புதல் தந்தது. அரசுத் துறைகள் அதற்காகத் தனிக் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்பதும் அதில் அடக்கம். ஊக்குவிப்பது வேறு, கட்டாயமாக்குவது வேறு. ஜவுளிக்கடைக்கு அபராதம் போடும் அரசு, தன் கவுன்டருக்கு அறிவுரையோடு நிறுத்திக்கொண்டது.

இதற்குச் சொல்லப்படும் சாக்குகள் எதுவும் நிற்காது. செலவாகும் என்கிறார்கள். ரூபே டெபிட் கார்டுக்கும் யுபிஐக்கும் 2020 ஜனவரி முதல் வணிகர் கட்டணமே கிடையாது. இணையதளம்தான் இருக்கிறதே என்கிறார்கள். சொத்து வரியும் மின்கட்டணமும் வீட்டிலிருந்தே கட்டலாம் என்பது உண்மைதான். ஆனால் கவுன்டர் வரை வந்து நிற்பவரைப் பிரவுசிங் சென்டருக்கு அனுப்புவது சேவை ஆகாது. வயதானவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி மட்டும் நியாயமானது. அதனால்தான் கோரிக்கை ‘மின்னணுவும் வேண்டும்’ என்பதே தவிர ‘மின்னணு மட்டும்’ என்பதல்ல. 2021 பிப்ரவரி முதல் ஃபாஸ்டாக் இல்லாத வண்டியிடம் சுங்கச்சாவடியில் இரட்டிப்புக் கட்டணம் வாங்கியதைப் போல, ரொக்கம் வைத்திருப்பவரைத் தண்டிக்கும் ஏற்பாடு இங்கே வேண்டவே வேண்டாம். இன்னொன்று: மின்னணு முறை வந்தால் லஞ்சம் ஒழிந்துவிடாது. ஆனால் ‘மொத்தமா ரெண்டாயிரம் குடுங்க’ என்று கட்டணத்தையும் லஞ்சத்தையும் ஒரே கையில் வாங்கும் வசதி போய்விடும். கட்டணம் எவ்வளவு என்பது ரசீதில் தனியாகத் தெரியும். அதற்கு மேல் கேட்பது என்னவென்று எல்லோருக்கும் புரியும்.

கட்டாயம் வரும்வரை நம் பக்கம் கவனம் வேண்டும். கியூஆரை ஸ்கேன் செய்ததும், பின் நம்பரைப் போடும் முன், திரையில் வரும் பெயரைப் படியுங்கள். அது அலுவலகம் அல்லது துறையின் பெயராக இல்லாமல் தனிநபர் பெயராக இருந்தால் அனுப்பாதீர்கள். ஒட்டப்பட்ட கியூஆர் மேல் வேறு ஸ்டிக்கரை ஒட்டும் மோசடிக்கும் இந்த ஒரு பார்வையே தடுப்பு. ஏமாந்துவிட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள். அடுத்தது ரசீது. ‘பேமெண்ட் சக்ஸஸ்’ என்ற திரை ரசீது அல்ல. பணம் உங்கள் கணக்கிலிருந்து போனது என்பதற்கு மட்டுமே அது சான்று. வரி விதிப்பு எண், எந்த அரையாண்டு, தொகை, ரசீது எண் நான்கும் உள்ள அலுவலக ரசீது கைக்கு வரும்வரை கவுன்டரை விட்டு நகராதீர்கள்.

பணம் பிடிக்கப்பட்டு ரசீது வரவில்லையா? அவசரப்பட்டு இரண்டாம் முறை கட்டாதீர்கள். பரிவர்த்தனையின் 12 இலக்க யுடிஆர் எண்ணைக் குறித்துக்கொண்டு, பணம் எங்கே நிற்கிறது என்று வங்கியில் கேளுங்கள். துறையின் கணக்குக்குப் போய்விட்டதென்றால் அந்த எண்ணோடு துறைக்கு எழுத வேண்டும். நடுவில் நின்றுவிட்டதென்றால் ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி பரிவர்த்தனை நாளுக்குப் பின் ஐந்து நாளுக்குள் திரும்ப வர வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. வங்கியில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து 30 நாளில் தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விவரம் கேட்க 14448.

கவுன்டரில் மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம், மனு எழுதுங்கள். தேதி, நேரம், கட்ட வந்த தொகை, சொல்லப்பட்ட பதில் ஆகியவற்றோடு அலுவலகத் தலைவருக்குக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். பயனில்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள், அல்லது முதல்வரின் முகவரித் துறையின் 1100. அதோடு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. அதில் ‘ஏன் வாங்கவில்லை’ என்று கேட்காதீர்கள். விளக்கம் தர அவர் கடமைப்பட்டவர் அல்ல. ‘மின்னணு முறையில் பணம் பெறுவது பற்றி இந்த அலுவலகத்துக்கு வந்துள்ள அரசாணை, சுற்றறிக்கைகளின் நகல், ஸ்வைப் மெஷின் வழங்கப்பட்ட தேதி, அலுவலகக் கணக்கின் பெயர்’ என்று ஆவணமாக இருப்பதைக் கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

அரசு செய்ய வேண்டியது ஓர் ஆணை: எல்லா கவுன்டரிலும் ரொக்கமும் மின்னணுவும், கணக்கின் பெயர் பலகையில், மறுத்தால் காரணம் எழுத்தில். வணிகரை அபராதம் போட்டு வழிக்குக் கொண்டுவந்த அரசுக்கு இது பெரிய வேலையல்ல. அது வரும்வரை, மறுபடியும் சொல்கிறேன்: பெயரைப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள், ரசீது இல்லாமல் கவுன்டரை விட்டு வராதீர்கள்.