போட் சிக்காகோ வெடிப்பு: படைத்துறை உழைப்பும் பாதுகாப்பின் அரசியலும்

படைவீரனின் மரணத்தைப் போர்க்களத்தோடு இணைத்தே நோக்க நாம் பழகியுள்ளோம். வீரயுகப் பாடல்கள் தொட்டு நவீன நாவல் வரை இப்பழக்கம் தொடர்ந்து வந்துள்ளது. விழுப்புண்ணைப் பாடுவதற்கு மரபு உண்டு. பாரந்தூக்கி பழுதுற்றமையால் நசுங்கியவனைப் பாடுவதற்கு மரபு இல்லை. ஆயின் நவீன படை என்பது போரிடுவோரின் திரள் மட்டுமன்று. ஏற்றி இறக்குவோர், வண்டி செலுத்துவோர், இயந்திரந் திருத்துவோர், சமைப்போர் ஆகியோரைக் கொண்ட பாரிய வேலைத்தலமுமாகும். அவ்வேலைத்தலத்தில் ஆபத்தைத் தடுக்கும் பொறுப்பு யாருடையது, ஆபத்து உண்டெனக் கூறும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வினாக்களை, 1944ஆம் ஆண்டில் கலிபோர்ணியாவில் நிகழ்ந்த ஒரு வெடிப்பினையும் அதன் பின்விளைவுகளையும் ஆதாரமாகக் கொண்டு ஆராய்வதே எமது நோக்கமாகும்.

சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடகிழக்கே, சுசூன் குடாவின் கரையில் அமைந்திருந்தது போட் சிக்காகோ கடற்படை வெடிமருந்துத் தளம். பசிபிக் போர்முனைக்குரிய குண்டுகளும் எறிகணைகளும் புகையிரதப் பெட்டிகளில் இங்கு வந்து சேர, மாலுமிகள் அவற்றை இறக்கிக் கப்பல்களில் ஏற்றினர். ஏற்றியோர் அனைவரும் கறுப்பினத்தவர். மேற்பார்வை செய்த அதிகாரிகள் அனைவரும் வெள்ளையர். 1944 யூலை 17ஆந் திகதி இரவு 10.18 மணிக்கு ஈ. ஏ. பிறையன் என்னும் கப்பல் வெடித்துச் சிதறியது. அவ்வேளை அதில் ஏறத்தாழ 4,600 தொன் வெடிபொருள் ஏற்றப்பட்டிருந்தது. இறங்குதுறையில் நின்ற புகையிரதப் பெட்டிகளில் மேலும் 400 தொன்னுக்கு மேல் இருந்தது. அருகில் நின்ற குவினோல்ட் விக்டரி என்ற கப்பலும் அழிந்தது. 320 பேர் மாண்டனர். அவருள் 202 பேர் கறுப்பின மாலுமிகள். அடையாளங் காணக்கூடிய நிலையிற் கிடைத்த உடல்கள் 51 மட்டுமே. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையின் கறுப்பின வீரர் அடைந்த இழப்புகள் அனைத்திலும் ஏறத்தாழ 15 வீதம் இந்த ஓரிரவுக்கு உரியது.

வெடிப்பின் உடனடிக் காரணம் இன்றுவரை நிறுவப்படவில்லை. சாட்சி சொல்லக்கூடியோர் எவரும் எஞ்சவில்லை. ஆனால் உழைப்பு எவ்வாறு ஒழுங்கமைக்கப்பட்டிருந்தது என்பது நன்கு அறியப்பட்டதாகும். எமது நோக்கில் அதுவே முதன்மையானது.

இம்மாலுமிகளுக்கு வெடிமருந்தைக் கையாளும் பயிற்சி எதுவும் அளிக்கப்படவில்லை. அவர்கள் பயிற்சி பெற்றது கடற்பணிக்கு, பணிக்கப்பட்டது சுமையேற்றலுக்கு. உருகி பொருத்தப்படாத குண்டு வெடிக்காது என்று அவர்களுக்குக் கூறப்பட்டது. ஒரு கப்பற்றுவாரத்தினூடாக மணிக்குப் பத்துத் தொன் ஏற்றப்படவேண்டும் என மேலிடம் இலக்கு விதித்திருந்தது. போட் சிக்காகோவில் உண்மையில் எட்டப்பட்ட சராசரி 8.2 தொன். அயலிலிருந்த மெயர் தீவில் அனுபவம் மிக்க குடிசார் துறைமுகத் தொழிலாளர் எட்டியதோ 8.7 தொன்தான். அதாவது, தேர்ந்த தொழிலாளரும் எட்டாத ஓர் இலக்கு பயிற்சியற்றோர் மீது சுமத்தப்பட்டது. தளபதி கின் ஒவ்வொரு பிரிவினதும் ஏற்றற் கணக்கைக் கரும்பலகையில் எழுதுவித்துப் பிரிவுகளிடையே போட்டியை வளர்த்தார். இளநிலை அதிகாரிகள் அதன்மீது பந்தயங் கட்டினர். துண்டுவேலைக் கூலியின் வாயிலாகத் தொழிலாளியைத் தொழிலாளியோடு மோதவிடும் முறையை மார்க்ஸ் மூலதனத்தில் விரிவாக ஆராய்ந்துள்ளார். இங்கு கூலியின் ஏற்றத்தாழ்வு கூட வேண்டியிருக்கவில்லை; கட்டளையே போதுமாயிருந்தது. பாதுகாப்பு விதிகள் இறங்குதுறையில் ஒட்டப்பட்டிருந்தன; மாலுமிகளின் வசிப்பிடங்களில் ஒட்டப்படவில்லை. அவர்கள் அவற்றை விளங்கிக்கொள்ளமாட்டார்கள் என்பது தளபதியின் கருத்து. விதி எழுதப்பட்டிருப்பதும் அது உழைப்பவனைச் சென்றடைவதும் வெவ்வேறு விடயங்கள்.

ஆபத்து முன்னரே அறியப்படாததன்று. மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர் சங்கம், அனுபவமுள்ள தன் உறுப்பினரை அனுப்பி மாலுமிகளைப் பயிற்றுவிக்க முன்வந்தது. கடற்படை அதனை ஏற்கவில்லை. வெடிபொருள் ஏற்றலை மேற்பார்வை செய்ய 1943இல் வந்த கரையோரக் காவற்படைக் குழுவின் தலைவர், பேரழிவுக்கான நிலைமைகள் கனிந்துள்ளன என எச்சரித்தார். முறைகள் மாற்றப்படாமையால் தம் குழுவைத் திருப்பி அழைத்துக்கொண்டார். ஒரே வகைப்பட்ட வேலையைத் துறைமுகத் தொழிலாளியும் செய்தான். சீருடை அணிந்தவனும் செய்தான். முன்னவனுக்குச் சங்கம் இருந்தது, பல்லாண்டு அனுபவம் பெற்ற பின்னரே பாரந்தூக்கியால் வெடிபொருளைக் கையாளலாம் என்ற வழக்கு இருந்தது. பின்னவனுக்கு அவை இல்லாதிருந்தமைக்குக் காரணம் வேலையின் தன்மையன்று. அவன் தொழிலாளியாகக் கருதப்படாமையே.

விசாரணை மன்றம் 125 பேரைச் சாட்சிகளாக விசாரித்தது. அதிகாரிகள் மீது குற்றங் காணவில்லை. மாலுமிகளின் தகுதி குறித்தே ஐயத்தைப் பதிவு செய்தது. வெடிபொருள் ஏற்றல் போட்டிக்குரியதன்று என்ற மெல்லிய கண்டிப்பு மட்டும் இடையில் வந்து போயிற்று. இறந்தோர் குடும்பத்துக்கு 5,000 டொலர் வழங்கும் யோசனை காங்கிரசில் முன்வைக்கப்பட்டது. இறந்தோரிற் பெரும்பாலோர் கறுப்பினத்தவர் என அறிந்த மிசிசிப்பி உறுப்பினர் றேங்கின் அதனை 2,000 ஆகக் குறைக்குமாறு வற்புறுத்தினார். ஈற்றில் 3,000 வழங்கப்பட்டது. உயிரின் விலை பேரத்துக்குள்ளான இக்காட்சிக்கு வியாக்கியானம் வேண்டியதில்லை.

வெடிப்பின் பின் வெள்ளை அதிகாரிகளுக்கு முப்பது நாள் விடுமுறை கிடைத்தது. சிதறிய உடற்கூறுகளைப் பொறுக்கிய மாலுமிகளுக்கு அது மறுக்கப்பட்டது. ஓகஸ்ட் 9ஆந் திகதி மெயர் தீவில் அவர்கள் மீண்டும் வெடிமருந்து ஏற்றப் பணிக்கப்பட்டனர். பயிற்சியிலோ முறையிலோ மாற்றமில்லை. 258 பேர் மறுத்தனர். வேறெந்தக் கட்டளைக்கும் பணிவோம், வெடிமருந்தை மட்டும் ஏற்றமாட்டோம் என்பதே அவர்கள் நிலைப்பாடு. மரணதண்டனை கிடைக்கலாம் என்று கடற்படைத் தளபதி றைற் எச்சரித்த பின் 208 பேர் பணிய ஒப்புக்கொண்டனர். ஆயினும் அவர்களும் தண்டிக்கப்பட்டனர். எஞ்சிய ஐம்பதின்மர் மீது கலகக் குற்றம் சாட்டப்பட்டது. அவருள் ஒருவர் மணிக்கட்டு முறிந்தவர். இருவர் உடல்நிலை காரணமாகச் சமையற்பணிக்கு விடப்பட்டிருந்தவர்கள்.

இலக்கிய மாணவராகிய நாம் இங்கு ஒரு சொல்லின்மீது சற்று நிற்கவேண்டியுள்ளது. கலகம் என்றால் என்ன? அதிகாரத்தைக் கைப்பற்றவோ கவிழ்க்கவோ செய்யப்படும் கூட்டு முயற்சியே கலகம் என எதிர்த்தரப்பு வழக்குரைஞர் வாதிட்டார். பலர் சேர்ந்து கட்டளையைத் தொடர்ந்து மறுத்தலே போதுமானது என்றார் வழக்குத் தொடுநர். பிந்திய வரைவிலக்கணத்தை ஏற்றால், ஒரு தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் எனப்படுவதும் பாதுகாப்பற்ற பணியை மறுத்தல் எனப்படுவதும் படையில் கலகமாகின்றன. உள்ளடக்கம் ஒன்றே, பெயரைத் தீர்மானிப்பது சீருடை. அவ்வாறே, முன்னறிந்து தடுத்திருக்கக்கூடிய அழிவு 'விபத்து' எனப்பட்டது. விபத்து என்ற சொல் செய்தவனை மறைக்கிறது. கலகம் என்ற சொல் செய்தவனை மட்டுமே காட்டுகிறது. இவ்விரு சொற்களுக்கும் இடையிலேதான் ஐம்பதின்மரும் அகப்பட்டனர். எண்பது நிமிட ஆலோசனையின் பின் அனைவரும் குற்றவாளிகளெனத் தீர்ப்பாயிற்று. எட்டு முதல் பதினைந்து ஆண்டு வரை சிறை. விசாரணையை நேரிற் கண்ட தேர்குட் மார்ஷல் இதனைக் கடற்படையின் மீதான விசாரணையாக மாற்ற முயன்றார். போர் முடிந்தபின், 1946 யனவரியில் பெரும்பாலோர் விடுவிக்கப்பட்டனர், குற்றத்தீர்ப்பு நீங்கவில்லை.

இது ஒரு தளத்தின் கொடுமை மட்டுமன்று என்பதும் கவனிக்கற்பாலது. பிற்காலச் சட்டங்களிலும் சீருடை ஒரு விலக்காகவே நின்றது. 1950இல் பெயர்ஸ் வழக்கில் அமெரிக்க உயர் நீதிமன்றம், சேவையோடு தொடர்புற்ற ஊறுகளுக்குப் படையினர் அரசின்மீது நட்டஈட்டு வழக்குத் தொடர இயலாது எனத் தீர்த்தது. அவ்வழக்குக்கு உரியவர் போர்முனையில் இறந்தவரல்லர். பழுதான வெப்பமூட்டும் அமைப்பினால் பாதுகாப்பற்றதாயிருந்ததெனக் கூறப்பட்ட படைமனையில் மூண்ட தீயில் இறந்தவர். 1970ஆம் ஆண்டின் தொழிற் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து கூட்டரசு ஊழியருக்குரிய ஏற்பாடுகளை விரிவாக்கிய 1980ஆம் ஆண்டு நிறைவேற்றாணையும் படையினரைத் தன் எல்லைக்கு வெளியே விட்டது. படைக்குள் பாதுகாப்பு விதிகள் இல்லையென்பதன்று. போட் சிக்காகோவின் பின்னரே வெடிமருந்து ஏற்றுவோருக்கு முறையான பயிற்சியும் பாரந்தூக்கி இயக்குநருக்குத் தகுதிச் சான்றும் வந்தன. வெள்ளை மாலுமிகளும் அப்பணியிற் சேர்க்கப்பட்டனர். ஆனால் அவை மேலிருந்து வழங்கப்பட்டவை. கீழிருந்து கோரும் உரிமையாக ஏற்கப்பட்டவையல்ல.

மாலுமிகளின் வரலாற்றை மறதியிலிருந்து மீட்டதில் 1989இல் வெளிவந்த ரொபேட் அலனின் நூலுக்குப் பெரும் பங்குண்டு. 1994இல் கடற்படை மறுபரிசீலனை செய்து, பணி ஒதுக்கீட்டில் இனப்பாகுபாடு இருந்ததை ஒப்புக்கொண்டபோதிலும் தீர்ப்பை மாற்ற மறுத்தது. 1999இல் எஞ்சியிருந்த சிலருள் ஒருவருக்குச் சனாதிபதி கிளின்ரன் மன்னிப்பு வழங்கினார். மன்னிப்பு என்பது குற்றத்தை ஏற்றுக்கொண்ட பின் வருவது. குற்றமே இல்லை என்ற கோரிக்கைக்கு அது விடையாகாது. அவ்விடை 2024 யூலை 17ஆந் திகதி, எண்பதாம் ஆண்டு நிறைவன்று, கடற்படைச் செயலாளரிடமிருந்து வந்தது. தண்டனை பெற்றோர் குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டபோது அவருள் எவரும் உயிருடன் இல்லை. அம்முடிவுக்குக் காட்டப்பட்ட காரணங்களுள் ஒன்று எமது பொருளுக்கு நேரடியாக உரியது: விசாரணை மன்றத்தின் அறிக்கை நிறைவு பெறுமுன்னரே மாலுமிகள் மீது வழக்கு நடத்தி முடிக்கப்பட்டது, அவர்களின் எதிர்வாதத்துக்குத் துணையாயிருந்திருக்கக்கூடிய அந்த அறிக்கையில், வெடிமருந்து ஏற்றும் முறைகளைத் திருத்துவதற்கான பத்தொன்பது பரிந்துரைகள் இருந்தன.