நெஞ்சுவலியோடு டிரெட்மில் ஏறலாமா?

மம்சாபுரத்தில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் முதலில் வாயு என்பார்கள், ஓமத் தண்ணீர் கொடுப்பார்கள். அடங்காவிட்டால்தான் ராஜபாளையத்துக்கோ ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ கிளம்புவார்கள். போன இடத்தில், “ஒரு டி.எம்.டி. எடுத்துப் பார்த்திரலாம்” என்று யாராவது சொன்னால், அந்த டிரெட்மில் சோதனை யாருக்கானது என்று நோயாளியின் வீட்டாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஈசிஜி ஒயர்களை நெஞ்சில் ஒட்டி, ஓடும் பட்டையில் நடக்க விடுவார்கள். பரவலாகப் பின்பற்றப்படும் புரூஸ் முறையில் 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். இதயம் வேகமாகத் துடிக்கும்போது, அடைப்புள்ள குழாய் வழியே வேண்டிய ரத்தம் போகாது. அந்தத் தட்டுப்பாடு ஈசிஜியில் தெரியலாம். ஆகவே இது, தோப்புக்கு நடக்கையிலோ படி ஏறுகையிலோ வந்து, நின்றால் சில நிமிடங்களில் விட்டுவிடும் வலிக்கான சோதனை.

சும்மா இருக்கும்போதே வலிக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது, தாடைக்கோ இடது கைக்கோ பரவுகிறது, இரண்டு நாளாக வலி கூடிக்கொண்டே வருகிறது என்றால் டிரெட்மில் பக்கமே போகக் கூடாது. 108-ஐ அழையுங்கள். மருத்துவமனையில் நுழைந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும். முதல் ஈசிஜி சரியாக இருப்பதாலேயே மாரடைப்பு இல்லை என்று ஆகிவிடாது. மறுபடி ஈசிஜியும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் தேவைப்படும். தமிழக அரசின் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதலுதவி மாத்திரைகள் தருகிறார்கள்.

இதய வால்வு கடுமையாகச் சுருங்கியவர்களுக்கும், இதயம் பலவீனமாகி மூச்சு வாங்குகிறவர்களுக்கும் இந்தச் சோதனை ஆபத்து. பேஸ்மேக்கர் வைத்தவர்களின் ஈசிஜியை வைத்து முடிவு சொல்ல இயலாது. மூட்டுவலிக்காரரால் போதிய வேகத்துக்கு நடக்க முடியாது. இவர்களுக்கெல்லாம் எக்கோ, சி.டி. ஸ்கேன் என்று வேறு வழிகள் இருக்கின்றன.

முடிவையும் அப்படியே நம்பிவிட முடியாது. அடைப்புள்ள 100 பேரில் ஏறத்தாழ 70 பேரைத்தான் இது கண்டுபிடிக்கும். அடைப்பே இல்லாத 100 பேரில் 20-க்கு மேற்பட்டவர்களுக்கு ‘பாசிட்டிவ்’ காட்டும். குத்தல் வலியோடு வரும் 25 வயதுப் பெண்ணுக்குப் ‘பாசிட்டிவ்’ வந்தால் பெரும்பாலும் தவறாகவே இருக்கும். சர்க்கரை நோயும் பீடிப் பழக்கமும் உள்ள அறுபது வயதுக்காரருக்கு நடந்தால் நெஞ்சு இறுகுகிறது என்றால், ‘நெகட்டிவ்’ என்று நிம்மதியாக அனுப்பிவிடக் கூடாது. வலியைப் பற்றி விவரமாகக் கேட்காமல் நேரே இயந்திரத்தில் ஏற்றுவதை நான் ஏற்கமாட்டேன்.

‘பாசிட்டிவ்’ என்றதும் மறுநாளே ஸ்டென்ட் என்று பதறவும் வேண்டாம். இந்தியா உட்பட 37 நாடுகளில் 5,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2020-இல் வெளியான ‘இஸ்கீமியா’ ஆய்வில், நிலையான நெஞ்சுவலிக்காரர்களில் நல்ல மருந்துச் சிகிச்சையோடு தொடங்கியவர்களைவிட, உடனே ஆஞ்சியோ, ஸ்டென்ட், பைபாஸ் என்று போனவர்களிடம் இறப்பு குறையவில்லை. வலி குறைவதில் மட்டும் பயன் இருந்தது. இடது பிரதானக் குழாயில் அடைப்புள்ளவர்களுக்கு இது பொருந்தாது.

சோதனைக்கு முன் கேளுங்கள்: மருத்துவர் அருகில் இருப்பாரா? இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் கருவி தயாரா? சம்மதப் படிவத்தைத் தமிழில் விளக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுங்கள். மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள். ஸ்டென்ட் தேவைப்பட்டால், பணம் கட்டும் முன் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் காட்டுங்கள்.

காசு கொடுத்துப் பெற்ற சிகிச்சையில் கவனக்குறைவு என்றால், ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்கலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. எல்லாருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. அங்கே குறை என்றால் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடம் எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள், 104-க்கும் சொல்லலாம்.