சிவந்த கண் ஆட்டுக்குட்டி

"கம்பளி ஆடு என்றாலே வெள்ளைதானே, அதில் என்ன சார் தனியாக அல்பினோ?" என்று சங்கத்து நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி.

கம்பளி ஆட்டின் கண்ணைப் பாருங்கள், அதில் நிறம் இருக்கும். அல்பினோ குட்டிக்கோ கண்ணிலும் மெலனின் என்ற நிறமி கிடையாது. உள்ளே ஓடும் ரத்தம் தெரிவதால் விழி சிவந்து தோன்றும்; வெயிலில் கண் கூசித் தடுமாறும். (தில்லி மிருகக்காட்சிசாலையின் வெள்ளைப் புலிகளும் அல்பினோ அல்ல. கோடுகள் இருக்கின்றனவே!)

ஐஸ்லாந்து ஆடுகளில் இக்குறை தலைமுறை தாண்டி வரும் விதத்தை ஸ்டெஃபான் அடால்ஸ்டெய்ன்சன் 1977-இல் எழுதினார். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று பழுதுபட்ட மரபணு இரண்டும் சேர்ந்தால்தான் குட்டி வெளுக்கும். ஒன்று மட்டும் உள்ள கிடா பார்வைக்குக் கொழுகொழுவென்று இருக்கும். கண்டுபிடிக்க ஒரு பழைய வழி உண்டு. கிடாவை அதன் சொந்தப் பெட்டைக் குட்டிகளோடு சேர்ப்பார்கள். அவற்றில் பாதிக்கு அந்தப் பழுது போயிருக்கும். அந்தப் பாதியில், பிறக்கும் நான்கில் ஒன்று வெள்ளை. மொத்தத்தில் எட்டில் ஒன்று. கால்நடை மருத்துவம் படித்த நாளில் இந்தக் கணக்கைப் போட்டுப் போட்டு எனக்கு மனப்பாடம்.

அது சென்ற மாதம் வேறு இடத்தில் உதவியது. எங்கள் பிளாக்கில் ஓர் அம்மாள், தன் பெண்ணை அண்ணன் மகனுக்கே கொடுக்க ஆசைப்படுகிறார். பையனின் தங்கைக்கு அல்பினிசம். "பையன் நல்ல மாநிறம், அவனுக்கு ஒன்றும் இல்லையே?" என்றார்.

தங்கைக்கு வந்ததால் அண்ணன், அண்ணி இருவரிடமும் பழுது உண்டு. பையனிடம் ஒளிந்திருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. அத்தையான இந்த அம்மாளுக்குப் பாதி, அவர் பெண்ணுக்குக் கால். இருவரிடமும் இருந்தால் பிள்ளைக்கு நான்கில் ஒன்று. பெருக்கினால் 24-இல் ஒன்று. சொந்தத்துக்கு வெளியே கொடுத்தால் இது மிகவும் குறைந்துவிடும்.

"அப்படியானால் 23 பங்கு நல்லதுதானே!" என்றார் அம்மாள். அப்படியும் படிக்கலாம். ஆனால் ஊகிக்கத் தேவையில்லை, மரபணுப் பரிசோதனை இருக்கிறது. முதலில் தங்கையின் ரத்தத்தில் எந்த மரபணு, எந்த இடம் என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற இருவரையும் பார்க்க வேண்டும். அந்தப் பெண் பி.காம். படிக்கிறாள், கறுப்புக் கண்ணாடி, வகுப்பில் முன் பெஞ்சு. "நான் கொடுக்கிறேன் மாமா, எனக்கும் தெரிய வேண்டும்" என்றாள்.

ரிப்போர்ட் வரச் சில வாரம் ஆகும். நிச்சயதார்த்தத்தைத் தைக்குத் தள்ளியிருக்கிறார்கள்.