மாலை ஆறு மணிக்கு எந்தத் தரை சுடும்?

வீட்டுத் தோட்டத்தில் நான்கு நாற்காலி போட்டு உட்கார இடம் ஒதுக்குகிறவர்கள், தரைக்கு என்ன போடலாம் என்று கல் கடைக்குப் போய் நிறம் பார்க்கிறார்கள். கடைக்காரர் தண்ணீர் தெளித்துக் காட்டுவார். ஈரத்தில் எந்தக் கல்லும் அழகுதான். பார்க்க வேண்டியது வேறு. நம் ஊர் வெயிலில் உச்சிவேளையில் யாரும் தோட்டத்தில் உட்காரப் போவதில்லை. பகல் முழுக்க வாங்கிய வெயிலை மாலை ஆறு மணிக்கு அந்தத் தரை என்ன செய்கிறது?

கருங்கல்லும் கான்கிரீட்டும் வெப்பத்தை உள்ளே இறக்கிச் சேமித்து வைப்பவை. காற்று குளிர்ந்த பிறகும் அதை அகச்சிவப்புக் கதிராக வெளியே விட்டுக்கொண்டிருக்கும். கறுப்புக் கடப்பா கல் விழும் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடுவதால் திறந்தவெளிக்கு ஆகாது. நாள் முழுக்க நிழல் விழும் இடத்திலோ அதுவே ஜில்லென்றிருக்கும். உள்ளங்காலின் சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். தோலில் சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சூட்டை உணர்த்தும் புரதம் ஒன்று இருக்கிறது. மிளகாயின் காரத்துக்கும் அதுவே விழித்துக்கொள்ளும். அதைக் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தில் வெறுங்காலோடு ஓடியவர்கள் எல்லாருக்கும் அந்தப் புரதம் பழக்கம்தான்.

என் ஓட்டு செங்கல்லுக்கு. சிமெண்ட் பூசாமல், மணல் பரப்பி அதன்மேல் நெருக்கி அடுக்கிய செங்கல். இடுக்குகள் வழியே மழைநீர் மண்ணுக்குள் இறங்கிவிடும். நுண்துளைகள் நிறைந்த கல் என்பதால் நீரையும் உறிஞ்சும். தன் எடையில் 20 சதவீதம் வரை உறிஞ்சலாம் என்று சாதாரணச் செங்கல்லுக்கு இந்தியத் தர விதியே இடம் தருகிறது. சாயங்காலம் ஒரு குடம் தெளித்தால் போதும். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். மின்சாரக் கணக்கில் யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கு. அதில் பெரும்பகுதியைத் தரையே கொடுத்துக் குளிர்கிறது. மதுரையின் உலர்ந்த காற்றில் இது நன்றாகப் பலிக்கும், சென்னைப் புழுக்கத்தில் அவ்வளவு இல்லை. கல் நன்றாக வெந்திருக்க வேண்டும். வேகாதது மழையில் பொடிந்து உதிரும்.

செலவு குறைவாக வேண்டுமென்றால் ஜல்லி. பலரும் கூழாங்கல்லை வாங்கிக் கொட்டிவிட்டு, நாற்காலிக் கால் புதைகிறதே என்று அலுத்துக்கொள்கிறார்கள். உருண்டைக் கல் அழுத்தினால் நழுவும். கிரஷரில் உடைத்த ஜல்லியின் முனைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். முக்கால் ஜல்லி காலைக் குத்தும், அரை இன்ச்சுக்கு மேல் வேண்டாம். கற்களுக்கிடையே காற்று இருப்பதால் மேலடுக்கு பகலில் நன்றாகச் சுட்டாலும் சூடு ஆழத்துக்கு இறங்காது; வெயில் தாழ்ந்ததும் சீக்கிரம் ஆறிவிடும். கரிசல் மண்காரர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. ஈரத்தில் உப்பி, கோடையில் வெடிக்கும் அந்த மண், கான்கிரீட் தளத்தைக் கீறிவிடும். ஜல்லியும் மணல்மேல் பாவிய செங்கல்லும் மண்ணோடு சேர்ந்து அசைந்துகொடுக்கும்.

புல்? அருகம்புல்லுக்கு முழு வெயில் வேண்டும். உட்காருகிற நமக்கு நிழல் வேண்டும். போதாததற்கு, நாற்காலியும் காலடியும் அழுத்த அழுத்த மண்ணின் துளைகள் மூடி வேருக்குக் காற்று கிடைக்காமல் போகும். பிளாஸ்டிக் புல்லை வெயிலில் விரிப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். உயிருள்ள புல் இலை வழியே நீரை ஆவியாக்கிக் குளிர்கிறது, இதற்கு அந்த வழியே கிடையாது.

எதைப் போட்டாலும் மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டராவது வாட்டம் வையுங்கள், வீட்டுச் சுவருக்கு எதிர்ப்பக்கமாக. அடிமண்ணைத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்குவது வழக்கம். மரத்தடியில் மட்டும் அது கூடாது. நீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில்தான் ஓடுகின்றன. அங்கே தோண்டாமல், இடிக்காமல், ஜல்லியை மெல்லிசாகப் பரப்பி, தூரைச் சுற்றி மண்ணை வெறுமனே விட்டுவிட வேண்டும்.