பச்சைப் புல்லில் இளைத்த மாடுகள்

1931-இல் கென்டகி பல்கலைக்கழகப் பயிரியலாளர் இ.என். ஃபெர்கஸ், மெனிஃபி மாவட்டத்து மலைச்சரிவுப் பண்ணை ஒன்றில் வாடாமல் நின்ற ஒரு புல்லைக் கண்டார். விதை வாங்கி வந்து சோதித்தார். 1943-இல் அது ‘கென்டகி 31’ என்ற பெயரில் உழவர்களிடம் போனது. ஃபெஸ்க்யூ இனத்தைச் சேர்ந்த அந்தப் புல் வறட்சியைத் தாங்கியது, மிதிபட்டாலும் துளிர்த்தது, சரிவில் மண்ணைப் பிடித்து வைத்தது. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஏறத்தாழ 3.5 கோடி ஏக்கரை அது வளைத்துக்கொண்டது.

மேய்ந்த மாடுகள்தான் தேறவில்லை.

கோடை வந்தும் குளிர்கால முடி உதிராமல் சடைபிடித்து நிற்கும். மேய்ச்சலை விட்டுவிட்டுக் குட்டைத் தண்ணீரில் போய் நின்று இளைக்கும். பனிக்காலத்திலோ சில மாடுகளுக்கு வால் நுனியும் காது நுனியும் செத்து விழும், குளம்பு கழலும். புல்லைச் சோதித்தால் சத்தில் குறையே தெரியாது.

1970-களில் ஜார்ஜியாவில் ஒரு பண்ணை துப்புக் கொடுத்தது. ஒரு வயலில் மேய்ந்த மாடுகளுக்கு நோய், இன்னொரு வயலில் மேய்ந்தவற்றுக்கு இல்லை. இரண்டிலும் அதே ஃபெஸ்க்யூ. அமெரிக்க வேளாண் துறையின் சார்லஸ் பேக்கனும் ஜோ ராபின்ஸும் நோய் கண்ட வயலின் புல்லை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். தண்டின் உயிரணுக்களுக்கு இடையே பூஞ்சை இழை ஓடியது. 1977-இல் ஆய்வு வெளிவந்தது. வெளியே புள்ளியோ துருவோ காட்டாத இந்தப் பூஞ்சை தாய்ச்செடியிலிருந்து விதை வழியாக மட்டுமே பரவுகிறது.

நம் ஊர்க் கம்பில் தேனொழுகல் நோய் உண்டாக்கும் பூஞ்சைக்கு இது பங்காளி முறை. இது சுரக்கும் எர்கோவாலின் என்ற நஞ்சு மாட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. வெயிலில் உடல் சூடு தோல் வழியே வெளியேறுவதில்லை. குளிரில் வாலுக்கும் குளம்புக்கும் ரத்தம் போய்ச் சேருவதில்லை. குட்டை மோகத்துக்கும் கழன்ற குளம்புக்கும் காரணம் ஒன்றேதான்.

புல்லில் பூஞ்சை 10 சதவீதம் கூடினால், இளங்காளையின் நாள் எடை ஏற்றம் சுமார் 45 கிராம் குறையும் என்பது அங்கே புழங்கும் கணக்கு. 80 சதவீதம் பீடித்த வயல் என்றால் நூறு நாளில் 36 கிலோ போச்சு! இறைச்சிக்காக எடை போட்டு விற்பவருக்கு அது நேரடி நஷ்டம்.

கண்ணுக்குத் தெரியாத நஷ்டம் கருப்பையில். எடை ஏறாத கிடேரி பருவத்துக்கு வரத் தாமதமாகும். சினைப்பைக்கும் கருப்பைக்கும் ரத்த ஓட்டம் குறைகிறது; உடற்சூட்டில் இளங்கரு தங்குவதில்லை. பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் சரிவதால் பால் வற்றுகிறது, பிறந்த கன்றும் நோஞ்சானாகிறது.

பூஞ்சையை ஒழித்தால் தீர்ந்தது என்று 1980-களில் பூஞ்சையற்ற விதையை விதைத்தார்கள். மாடுகள் கொழுத்தன, புல் பட்டுப்போனது. ஃபெர்கஸ் வியந்த அந்த வீரியத்தில் பெரும்பங்கு பூஞ்சையுடையது என்பது அப்போதுதான் உறைத்தது. பிறகு, புல்லைக் காத்து மாட்டை விட்டுவைக்கும் பூஞ்சை ரகத்தை நியூசிலாந்தின் அக்ரிசர்ச் நிறுவனம் தேடிப் பிடிக்க, ஜார்ஜியா பல்கலைக்கழகம் அதைப் புல்லில் ஏற்றியது. 2000 வாக்கில் அந்தப் புல் ‘மேக்ஸ்கியூ’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

ஆனால் பழைய புல்லைக் களைக்கொல்லியால் சாகடித்து, இடையில் வேறு பயிர் போட்டு, மறுபடி மருந்தடித்த பிறகே புதியதை விதைக்க முடியும். அதுவரை மேய்ச்சல் கிடையாது; சரிவு நிலமானால் மண்ணும் அரிக்கும். அதனால் பலர் பழைய வயலிலேயே சிவப்பு குளோவர் என்ற தீவனச் செடியைக் கலந்து விதைக்கிறார்கள். நச்சுப் புல்லின் பங்கை அது குறைக்கிறது. அதிலுள்ள பயோகானின்-ஏ என்ற பொருள், சுருங்கிய ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. நஞ்சு அதிகம் சேர்வது கதிரில் என்பதால், பூத்ததும் கதிரை வெட்டிவிடுகிறார்கள்.