சுரங்கத்துக்குச் சான்றிதழ் உண்டு, நாட்டுக்கு?

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. இரவு பகலாக அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை பிளந்து நீர் பீறிடாமல் இருக்கும். அப்படிப்பட்ட இடத்தை யார் வேண்டுமானாலும் நடத்தட்டும் என்று சட்டம் விடவில்லை. சுரங்க மேலாளர் தேர்வெழுதித் தகுதிச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். ஆனால் அந்தச் சுரங்கத்தைத் தோண்டலாமா, அதன் பங்குகளை விற்கலாமா என்று முடிவெடுக்கும் பிரதமருக்கு எந்தத் தேர்வும் கிடையாது. மக்களவைக்குப் போட்டியிட இந்தியக் குடிமகனாகவும் 25 வயது நிரம்பியவராகவும் இருந்தால் போதும் என்கிறது அரசியல் சட்டம். இது அநியாயம், தலைவர்களுக்கும் படிப்புத் தகுதி வையுங்கள் என்ற குரல் ஒவ்வொரு தேர்தலிலும் எழுகிறது. ஹரியானா 2015இல் பஞ்சாயத்துத் தேர்தலுக்கு அப்படியொரு சட்டமே கொண்டுவந்தது. உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டு டிசம்பரில் அதை ஏற்றது. (ஊராட்சித் தலைவருக்குப் பள்ளிப் படிப்பைக் கேட்ட சட்டமன்றம், தன் உறுப்பினர்களுக்கு எதையும் கேட்டுக்கொள்ளவில்லை.)

இந்த வாதத்தை உரசிப் பார்க்க நெய்வேலியை விட நல்ல கல் இல்லை. 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரி வந்தது. 1940களில் புவியியல் துறையினர் துளையிட்டுப் பார்த்தார்கள். ஆனாலும், நீரைச் சமாளித்து இதை வெட்டி எடுக்க முடியுமா, எடுத்தாலும் கட்டுப்படியாகுமா என்ற சந்தேகம் நெடுநாள் தீரவில்லை. நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் (என்.எல்.சி.) நிறுவனம் உருவானது 1956 நவம்பரில். 1957இல் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் கரி கண்ணில் பட்டது, அடுத்த ஆண்டு மின்சாரம் வந்தது. நிறுவனம் உருவானதிலிருந்து மின்சாரம் வந்தது வரை சென்னை மாநிலத்தின் முதல்வர் காமராஜர், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். நீரழுத்தக் கணக்கை அவர் போடவில்லை, போடத் தேவையும் இல்லை. கணக்குத் தெரிந்தவர்களின் பேச்சைக் கேட்கவும், டெல்லியிடம் கேட்டதை வாங்கும் வரை விடாமல் நிற்கவும் அவருக்குத் தெரிந்திருந்தது.

எதிர்முனையில் மன்மோகன் சிங். கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு, ரிசர்வ் வங்கி ஆளுநர், நிதியமைச்சர் என்று அவருடைய தகுதிப் பட்டியலுக்கு இணையாக இந்தியப் பிரதமர் எவருக்கும் இருந்ததில்லை. 2006 ஜூனில் அவருடைய அமைச்சரவை என்.எல்.சி.யின் 10 சதவீதப் பங்குகளை விற்க முடிவு செய்தது. தொழிலாளர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். கூட்டணியில் இருந்த தி.மு.க.வின் தலைவரும் முதல்வருமான கருணாநிதி கடுமையாக எதிர்த்தார். ஜூலை 6ஆம் தேதி, நெய்வேலி மட்டுமல்ல, நாட்டின் எல்லாப் பங்கு விற்பனைகளையும் பிரதமர் நிறுத்தி வைத்தார். தொழிலாளிக்கு அது வெற்றிதான். ஆனால் விற்பது சரி என்றால் எதிர்த்தவர்களை ஏற்க வைத்திருக்க வேண்டும். தவறு என்றால் கையெழுத்திடும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் எந்தப் பல்கலைக்கழகமும் கற்றுத் தருவதில்லை.

ஒத்திப்போட்ட கேள்வி 2013இல் திரும்பி வந்தது. பொதுத்துறை நிறுவனங்களில் குறைந்தது 10 சதவீதப் பங்கு பொதுமக்களிடம் இருக்க வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி கெடு வைத்தது. என்.எல்.சி. அந்த அளவை எட்ட 3.56 சதவீதம் விற்றாக வேண்டும். மறுபடியும் வேலை நிறுத்தம். விற்கவே கூடாது என்று முதலில் கடிதம் எழுதிய முதல்வர் ஜெயலலிதா, விற்றுத்தான் ஆக வேண்டுமென்றால் தமிழ்நாடு அரசின் நிறுவனங்களே வாங்கிக்கொள்ளும் என்றார். செபி சம்மதித்தது. ஏறத்தாழ 360 கோடி ரூபாய் கொடுத்து மாநில நிறுவனங்கள் ஐந்து அந்தப் பங்குகளை வாங்கின. தகுதி என்று நான் சொல்வது இதைத்தான்: எதிர்ப்போடு நின்றுவிடாமல், விதிக்குள்ளேயே வழி கண்டுபிடித்து, அதற்கு விலை எவ்வளவு, அதை யார் கொடுப்பது என்பதையும் சேர்த்துச் சொல்வது.

ஒரு நல்ல முடிவை வைத்து ஒருவரைத் தகுதியானவர் என்று சொல்லிவிடலாமா என்று கேட்பார்கள். முடியாது. அடுத்த ஆண்டே, 2014 செப்டம்பரில், சொத்துக் குவிப்பு வழக்கில் தண்டனை பெற்று ஜெயலலிதா பதவி இழந்தார். 2015இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2017இல், அவர் மறைவுக்குப் பிறகு, உடன் தண்டிக்கப்பட்ட மற்றவர்களின் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. திறமை ஒரு தாள், நேர்மை இன்னொரு தாள். ஒன்றில் வாங்கிய மதிப்பெண்ணை மற்றதில் கூட்டிக்கொள்ள முடியாது. மக்கள் திரள்வதே தகுதிக்குச் சான்று என்பது இன்னொரு வாதம். 2020 பிப்ரவரியில் நெய்வேலியில் படப்பிடிப்புக்கு வந்த நடிகர் விஜய் வாகனத்தின் மேல் ஏறி ரசிகர் கூட்டத்தோடு எடுத்த செல்ஃபி நாடெங்கும் பரவியது. நான்கு ஆண்டுகளில் அவர் கட்சித் தலைவரானார். ஆள்வதற்கான தகுதியை அந்தப் படம் நிரூபிக்கவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. எம்.ஜி.ஆருக்கும் கூட்டம் முதலில் வந்தது, சத்துணவுத் திட்டம் 1982இல்தான் வந்தது. ஆட்சியே செய்யாத தலைவரை எதை வைத்து அளப்பது? கட்சிக்குள் தன்னை மறுத்துப் பேசுபவரை எப்படி நடத்துகிறார், கூட்டத்தில் அசம்பாவிதம் நேர்ந்தால் பொறுப்பை யார் தலையில் போடுகிறார், வாக்குறுதிக்கான பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டால் பதில் சொல்கிறாரா கோபப்படுகிறாரா என்பதெல்லாம் பதவிக்கு முன்பே தெரிந்துவிடும்.

இவற்றையெல்லாம் விடக் கடினமான கேள்வி, ஒரு முடிவால் நஷ்டப்படுகிறவரைத் தலைவர் கண்ணெடுத்துப் பார்க்கிறாரா என்பது. இதில் காமராஜர் காலத்துக்கும் முழு மதிப்பெண் கிடையாது. கரி இருந்த இடத்தின் மேல் ஊர்கள் இருந்தன. நிலம் கொடுத்த குடும்பங்களின் வேலைக் கோரிக்கையும் இழப்பீட்டுக் கோரிக்கையும் தலைமுறை தாண்டி இன்றும் கேட்கின்றன. 2023 ஏப்ரலில் டெல்டாவின் நிலக்கரி ஏலப் பட்டியலுக்கு எதிராக முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். சில நாட்களில் மூன்று வட்டாரங்களை ஒன்றிய அரசு ஏலத்திலிருந்து நீக்கியது. ஜூலையில் சுரங்கத்தை ஒட்டிய வளையமாதேவி கிராமத்தில் கால்வாய் வெட்ட, கதிர் பிடிக்கும் நெற்பயிரின் மேல் என்.எல்.சி.யின் இயந்திரங்கள் இறங்கின. அவற்றுக்குக் காவலாக நின்றது அதே மாநில அரசின் காவல்துறை. எப்போதோ கையகப்படுத்திய நிலம், மழைக்காலத்துக்கு முன் கால்வாய் வேண்டும் என்றது நிறுவனம். சட்டப்படி அந்த நிலம் நிறுவனத்துடையதாகவே இருக்கட்டும். அறுவடை வரை காத்திருக்க முடியாதா என்று உயர் நீதிமன்றம் கேட்டது. சுரங்கத்தையே மூடு என்று முழங்கும் தலைவரிடமும் கேட்க ஒன்று இருக்கிறது: அனல்மின் நிலையத்தின் யூனிட்டுகள் நின்றால் அந்த மின்சாரத்தை எங்கே வாங்குவீர்கள், என்ன விலைக்கு, நெய்வேலியின் ஆர்ச் கேட் வழியாக வேலைக்குப் போகும் காண்ட்ராக்ட் தொழிலாளி அடுத்த மாதம் எங்கே போவார்? வேட்பாளரின் வழக்குகள், சொத்து, படிப்பு எல்லாம் உச்ச நீதிமன்றத்தின் தயவால் 2003 முதல் பிரமாணப் பத்திரத்தில் வருகின்றன. இந்தக் கேள்விகளுக்கு அதில் கட்டம் இல்லை. வாக்குக் கேட்டு வண்டி தெருவுக்குள் வரும்போது நாம்தான் கேட்க வேண்டும்.